தூண்டாமணி விளக்கைத் தணித்தல்: ஏரல் வட்டாரத்தை முன்வைத்து ஓர் ஆய்வு

விளக்கேற்றுவதைப் பற்றித் தமிழர் எழுதியதற்குக் கணக்கில்லை. ஏற்றிய விளக்கைப் பாதியாகத் தணிப்பது எப்படி என்று எழுதியவர் எவரும் இக்கட்டுரையாளர் கண்ணில் படவில்லை. பித்தளைக் குத்துவிளக்கு வாங்கச் சுற்றுவட்டாரமே வந்து இறங்கும் ஏரலில் இருந்துகொண்டு இந்தக் குறையைத் தீர்க்காமல் போவது தகாது. ஊரின் பெரிய திருவிழாக்களே ஆடி, தை அமாவாசைகளில்தான். இருட்டைப் பற்றிப் பேச எங்களுக்கு உரிமை உண்டு. மேலும், சேர்மனாக இருந்து 1908இல் மறைந்தவர் ‘சேர்மன் அருணாசல சுவாமி’ என்று அதே பதவிப் பெயரோடு கோயில் கொண்ட ஊர் இது. ஆகவே விளக்கைத் தணிக்கும் கருவிக்குரிய, பதவிப் பெயர்போல் ஒலிக்கும் ‘ரெகுலேட்டர்’ என்ற சொல்லையும் இங்கே சற்றுப் பயபக்தியோடுதான் கையாள வேண்டும்.

முதலில் அளவை. வாட், லூமன் எல்லாம் நேற்று வந்தவை. சோழர் காலக் கல்வெட்டுகள் பலவற்றில் அணையாமல் எரியும் ஒரு நந்தா விளக்குக்கு 96 ஆடு கொடை. ஆட்டை ஏற்ற இடையர் நாள்தோறும் உழக்கு நெய் அளக்க வேண்டும். கிழடு சாக, குட்டி பிறக்க, எண்ணிக்கை மட்டும் மாறாது என்பதால் அவை ‘சாவா மூவாப் பேராடு’. இன்று 9 வாட் எல்இடி பல்பை இரவு பகலாக எரியவிட்டால் நாளுக்கு 216 வாட்-மணி, இரண்டு மாதத்துக்கு 13 யூனிட். இலவச 100 யூனிட்டுக்குள்ளேயே ஏழு நந்தா விளக்கு எரிக்கலாம். ஆக 9 வாட் என்பது 96 ஆடு என்று இவ்வாய்வு வரையறுக்கிறது. பழைய 60 வாட் குண்டு பல்பு ஏறத்தாழ அதே வெளிச்சத்துக்கு 640 ஆடு தின்றது.

இனி வரலாறு. குத்துவிளக்கில் திரியை உள்ளே இழுத்தால் தணிந்தது. அரிக்கேன் விளக்கில் பக்கத்துத் திருகைத் திருப்பினால் தணிந்தது. கரண்டு வந்த பிறகு அந்த வேலையை அடுத்த வயக்காட்டு மோட்டார் எடுத்துக்கொண்டது. வோல்டேஜ் பத்து சதவீதம் இறங்கினால் குண்டு பல்பின் வெளிச்சம் ஏறக்குறைய முப்பது சதவீதம் இறங்கும். வாழைக்குத் தண்ணீர் பாய்ச்சும் நேரத்தில் எங்கள் வீட்டுப் பட்டாசல் பல்பு பழுத்த மிளகாயாகச் சிவக்கும். ஆச்சி நிமிர்ந்து பார்க்காமலே, “மோட்டாரப் போட்டுட்டான்” என்பாள். தெருவுக்கே பொதுவான டிம்மர், காசும் கிடையாது.

இந்த ஏற்பாட்டை எல்இடி கெடுத்தது. உஜாலா திட்டத்துக்காக 2014இல் ஒன்று 310 ரூபாய்க்குக் கொள்முதலான பல்பு, 2016இல் 38 ரூபாய்க்கு இறங்கியதும் வீடெங்கும் புகுந்தது. அதன் வயிற்றுக்குள் டிரைவர் என்றொரு சுற்று. வோல்டேஜ் ஏறினாலும் இறங்கினாலும் உள்ளே போகும் மின்னோட்டத்தை ஒரே அளவாக வைப்பதுதான் அதன் பிழைப்பு. இப்போது யார் மோட்டார் போட்டாலும் எங்கள் வீட்டுக்குத் தெரிவதில்லை. தூண்டத் தேவையில்லாத ‘தூண்டாமணி விளக்கு’ கடைசியில் வாய்த்துவிட்டது. தணியவும் மாட்டேன் என்கிறது.

சோதனைக்காகப் பட்டாசல் எல்இடி பல்புக்குப் பழைய ஃபேன் ரெகுலேட்டர் ஒன்றை டிம்மராக மாட்டச் சொன்னேன். வயர்மேன் தயங்கினார். “அண்ணாச்சி, இது பேனுக்கு உள்ளது. பல்பு கோவிச்சுக்கிடும் பாத்துக்கிடுங்க.” கோபித்துக்கொண்டது. பாதித் திருகில் கண் சிமிட்டியது, அதற்கும் கீழே வண்டுபோல் ரீங்கரித்தது, பிறகு செத்தது.

காரணம் வருமாறு. டிம்மருக்குள் இருக்கும் டிரையாக் என்ற மின்னணுச் சுவிட்ச் நொடிக்கு நூறு முறை மின்னலையின் ஒரு துண்டை நறுக்குகிறது. குண்டு பல்பின் இழை சூட்டைப் பிடித்து வைத்திருப்பதால் நறுக்கியது வெளியே தெரியாது. டிரைவரோ ‘குறைத்துக் கொடுக்கிறார்கள்’ என்பதைப் புரிந்துகொள்ளாமல், ‘யாரோ திருடுகிறார்கள்’ என்று நினைத்து ஈடுகட்டப் பார்க்கிறது. போதாக்குறைக்கு 9 வாட் பல்பு இழுப்பது சுமார் 40 மில்லி ஆம்பியர்தான். அவ்வளவு சிறிய சுமையில் டிரையாக்கால் பிடித்து நிற்க முடியாமல் போகலாம். யானை கட்டும் சங்கிலியில் ஆட்டுக்குட்டியைக் கட்டிய கதை.

தீர்வு உண்டு. அட்டைப்பெட்டியில் ‘டிம்மபிள்’ என்று போட்ட பல்பும், எல்இடிக்கென்றே செய்த டிம்மரும் வாங்கினால் சண்டை தீரும். இரண்டில் ஒன்றை மட்டும் மாற்றினால் பெரும்பாலும் தீராது. அதே இணைப்பில் குண்டு பல்பு ஒன்றையும் சேர்த்துப் போட்டால் சுமை கூடி மற்றவை அடங்கும் என்பது இன்னொரு வழி. கூட்டத்தில் ஒரு பெரியவரை உட்கார வைப்பது மாதிரி. ஆனால் அந்தப் பெரியவரின் சாப்பாடு 640 ஆடு.

2023 டிசம்பர் வெள்ளத்தில் ஏரல் துண்டாகி, கரண்டில்லாமல் கிடந்த இரவுகளை இவ்வாய்வு கணக்கில் சேர்க்கவில்லை. அது வேறு இருட்டு.

வீட்டில் கடைசியில் முடிவெடுத்தவள் என் மனைவி. டிம்மரைக் கழற்றச் சொல்லிவிட்டு, பக்கத்து ஹோல்டரில் அரை வாட் இரவு பல்பு ஒன்றைச் செருகினாள். முன்பு ‘ஜீரோ வாட்’ என்ற பெயரில் சுமார் 15 வாட் தின்று, பழைய மீட்டரின் கண்ணில் படாமலே தப்பிக்கும் பல்பு ஒன்று இருந்ததே, அந்தப் பெயருக்கு ஓரளவாவது தகுதியானது இதுதான். இந்த வரியை அதன் வெளிச்சத்தில்தான் எழுதுகிறேன். எரிவது ஐந்து ஆடும் ஒரு குட்டியும்.