பிரேக் இல்லாத சைக்கிள்

கேள்வி: எங்கள் லயத்துப் பையன் சைக்கிளில் பறக்கிறான். ஸ்பிரிண்ட் பந்தயத்தில் உலக சாம்பியன் ஆவானா? – ஒரு வாசகி, கொட்டகலை.

பதில்: அந்தப் பந்தயச் சைக்கிளில் பிரேக் கிடையாது, தாயே. ஒரே கியர், மிதிப்பதை நிறுத்தவும் முடியாது. தலவாக்கலைக்கு இறங்கும் ரோட்டில் மட்டும் ஒத்திகை வேண்டாம்!

ஓடுதளம் 250 மீட்டர். வளைவுகள் 40 பாகைக்கு மேல் சாய்ந்திருக்கும். அங்கே போய், பறக்கிறவர்கள் முதலில் செய்வது ஊர்வதுதான். முன்னால் போகிறவர் காற்றைக் கிழிக்க வேண்டும், பின்னால் வருபவருக்குச் சொகுசு. அதனால் ‘நீங்க முதல்ல போங்க’ என்று சம்பந்தி வீட்டுப் பந்தி மரியாதை நடக்கும். சைக்கிளிலேயே அசையாமல் நிற்பதும் உண்டு. கடைசி 200 மீட்டரில் மரியாதை போய்விடும், வேகம் மணிக்கு 70 கிலோமீட்டரைத் தொடும்.

ஜப்பானின் கோயிச்சி நகானோ 1977 முதல் 1986 வரை வரிசையாகப் பத்து உலகப் பட்டங்கள் வாங்கினார். அவ்வளவு தூரம் ஏன்? அந்தமான் பையன் எசோ ஆல்பென் 2018இல் ஜூனியர் உலகப் போட்டியில் வெள்ளி வென்றார். 2019இல் இந்திய அணியோடு தங்கம். தீவு அனுப்பியதை மலை அனுப்பாதா?

பயிற்சியில் தொடை பருக்கும். ஸ்கூல் காற்சட்டையை இப்போதே தாராளமாகத் தைத்துவிடுங்கள்.