வயர்கூடை அத்தை

தெருவுக்குத் தெரு ஒரு வயர்கூடை அத்தை உண்டு. யாருக்கு அத்தை, எந்த வழியில் அத்தை என்றெல்லாம் கேட்கக்கூடாது. அவர் கையால் ஒரு கூடை வாங்கிய அன்றே நீங்கள் மருமகனோ மருமகளோ ஆகிவிடுகிறீர்கள். வாங்காமல் தப்பித்தவர் தெருவில் இல்லை.

மத்தியானம் பாத்திரத்தைக் கழுவிக் கவிழ்த்ததும் திண்ணையில் வந்து உட்காருவார். திண்ணை இல்லாத வீடென்றால் மாடிப்படி. ஒரு பக்கம் வயர் கட்டும் கத்தரிக்கோலும், மறுபக்கம் ரேடியோ, மடியில் பாதி வளர்ந்த கூடை. வயரை முழம் போட்டுத்தான் அளப்பார். டேப் இருக்கிறதே என்றால், “டேப்புக்கு என்ன தெரியும்?” என்பார். ஆனால் அத்தையின் முழம் அத்தைக்குத்தான் ஒத்துவரும். அவரிடம் பின்னக் கற்றுக்கொண்டவர்களின் கூடையில் ஒன்று தீப்பெட்டி வைக்கலாம், இல்லாவிட்டால் ஆட்டுக்குட்டியை உட்கார வைக்கலாம்.

ரேடியோ விஷயத்தில் அத்தை கறார். விவித்பாரதி தொடங்கியது 1957-இல். அதைவிடத் தாம் இரண்டு வயது மூத்தவர் என்ற உரிமையில் அறிவிப்பாளர்களை அதட்டுவார். இலங்கை வானொலி அப்துல் ஹமீதைக் கேட்டுத்தான் தமக்கு ழகரம் படிந்தது என்பது அவர் கட்சி. தள்ளுவண்டிக்காரர் ‘வாளப்பளம்’ என்று கூவினால் போச்சு. நிறுத்தி, திருத்தி, அவரை இரண்டு முறை சொல்லவைத்த பிறகுதான் பேரம்.

பாட்டு மாறினால் கையும் மாறும். டி.எம்.எஸ். பாடினால் முடிச்சு இறுகும், பி.பி. ஸ்ரீனிவாஸ் வந்தால் நெகிழும். ஒரே கூடையின் ஒரு பக்கம் அஞ்சு கிலோ அரிசியைத் தாங்குவதும், மறுபக்கம் கொத்தமல்லிக்கே யோசிப்பதும் இதனால்தான். 1976-இல் இளையராஜா வந்த பிறகு வேகம் கூடிவிட்டதாகவும், அந்தச் செலவு தம் தலையில் விழுந்ததாகவும் மாமா சொல்கிறார். சட்டைப் பையில் ஒரு துண்டு வயரை வைத்துக்கொண்டு அதே நிறத்துக்காகக் கடை கடையாக ஏறி இறங்குபவர் அவர்தானே! கூடையின் மூலையைத் திருப்புவது மட்டும் விளம்பரம் ஓடும்போது. பாட்டில் மனம் போய்விட்டால் கணக்குத் தப்பும். சிவன்கண் பின்னலில் கணக்குத் தப்பினால் சிவன் கண்ணைத் திறக்கவே மாட்டார்.

நாலாவது வரிசையில் ஒரு முடிச்சு தப்பியது கடைசி வரிசைக்கு வந்த பிறகு தெரிந்தால் நமக்கு அழுகை வரும். அத்தைக்கு உற்சாகம் வரும். புது வயர் வாங்காமலே முழுசாக இன்னொரு கூடை பின்னக் கிடைக்கிறதே! சில தப்புகள் வேண்டுமென்றே விழுகின்றனவோ என்று எனக்குச் சந்தேகம்.

2012-இல் மணிக்கணக்காக மின்வெட்டு வந்தபோது தெருவே அரசாங்கத்தைத் திட்டியது. அத்தை திட்டவில்லை. டிவி அணைந்ததும் அக்கம்பக்கத்துப் பெண்கள் அத்தனை பேரும் அவர் படிக்கட்டில் வந்து உட்கார்ந்துவிட்டார்கள். பேட்டரி ரேடியோவும் அவரிடம்தான் இருந்தது. கரண்ட் வந்ததும் எல்லாரும் எழுந்து ஓடுவார்கள். “இவனுங்களுக்கு ஒரு வேலையையும் ஒழுங்காச் செய்யத் தெரியாது” என்று அப்போதுதான் மின்வாரியத்தைத் திட்டுவார்.

2019 ஜனவரி 1 முதல் தூக்கியெறியும் பிளாஸ்டிக் பைகளுக்குத் தமிழக அரசு தடை போட்டதே, அது தம் கூடைகளை மனதில் வைத்துத்தான் என்று அத்தை நம்பினார். வயரும் பிளாஸ்டிக்தானே பாட்டி என்று பேரன் கேட்டான். அவன் அப்பா பள்ளிக்கூடத்துக்குச் சோறு கொண்டுபோன கூடையை எடுத்துவந்து அவன் தலையில் கவிழ்த்தார். 2021 டிசம்பரில் ‘மீண்டும் மஞ்சப்பை’ என்று அறிவித்தார்கள். அத்தைக்கு மனம் புண்பட்டுவிட்டது. “மஞ்சப்பையில மோர் பாட்டில் சாயாம நிக்குமா? கேட்டுச் சொல்லு” என்றார் என்னிடம். நான் யாரைப் போய்க் கேட்பது?

இப்படிப்பட்ட அத்தைக்கு வியாபாரம் படித்த ஒரு அண்ணன் மகன் இருந்தே தீருவான்.

“சென்னையில இதே கூடை ஐந்நூறு ரூபா அத்தை. பேசாம வித்துருங்க.”

“வித்து?”

“காசு வரும்.”

“காச வச்சு?”

“இன்னும் நிறைய வயர் வாங்கலாம்.”

“அதத்தான் உங்க மாமா வாங்கித் தர்றாரே.”

அவன் அப்புறம் அந்தப் பேச்சை எடுக்கவில்லை. போகும்போது கையில் இரண்டு கூடை இருந்தது.

போன வாரம் எதிர்வீட்டு மருமகள் துணிந்துவிட்டாள். “ஏற்கெனவே நாலு இருக்கு அத்தை. வைக்கவே இடமில்ல.”

அத்தை ரேடியோவின் சத்தத்தைக் கொஞ்சம் குறைத்துவிட்டு, வயரை எடுத்து முழம் போடத் தொடங்கினார்.

“அதுக்கென்னம்மா, அந்த நாலையும் உள்ள போட்டு வைக்கிறாப்புல பெருசா ஒண்ணு பின்னித் தர்றேன்.”