சல்லிக்காசு குடுக்காம சுடணும் மருமவனே

எலே மருமவனே, எந்திரிக்க வேண்டாம், அப்படியே மல்லாந்து கெட. நானும் வந்ததுல இருந்து பாத்துக்கிட்டுத்தான் இருக்கேன். நெஞ்சு மேல போனை நிறுத்தி, ஒத்தக் கண்ணை மூடி, மூச்சைப் புடிச்சு, பெருவிரலால குறி பாத்து விடுறே. எல்லையில நிக்கிற பட்டாளத்துக்காரன்கூட இம்புட்டுக் கவனமா சுட மாட்டான். விழுந்தது என்னவோ மூணு பச்சைப் பந்து. என் தங்கச்சி அடுப்படியில இருந்து சாப்பிடக் கூப்பிட்டுக் கூப்பிட்டுத் தொண்டை கட்டிப்போய் உக்காந்திருக்கா. பச்சைப் பந்துக்கு இருக்கிற மருவாதி சோத்துக்கு இல்லாமப் போச்சு.

பயப்படாத, நான் திட்ட வரலை. கண்ணு அவிஞ்சுபோகும், மூளை மழுங்கிப்போகும்னு ஆளாளுக்குச் சொல்லியாச்சு. உன்கிட்ட மழுங்குறதுக்கு என்ன இருக்குன்னு எனக்குத் தெரியும். நீ தாராளமா விளையாடு. ஆனா விளையாடுறதை ஒழுங்கா விளையாடு. நீ சுடுற லட்சணத்தைப் பாத்தா, அந்தக் கம்பெனிக்காரன் உன் போட்டோவை மாட்டி சூடம் காட்டிக்கிட்டு இருப்பான்.

இந்தக் குமிழிப் பந்து சுடுற கேம் நேத்து முளைச்ச சமாச்சாரம் இல்லைலே. 1994-ல ஜப்பான்ல டைட்டோங்கிற கம்பெனி ‘பஸில் பாபிள்’னு ஒண்ணை இறக்குச்சு. காசு போட்டு ஆடுற மிஷின். பப், பாப்னு ரெண்டு குட்டி டிராகன். 1986-லேயே வேறொரு விளையாட்டுல குமிழி ஊதிப் பழகுன பிள்ளைக. அப்புறம் 2002 வாக்குல கம்ப்யூட்டர்ல ‘பபுள் ஷூட்டர்’னே பேரு வச்சு ஒண்ணு வந்துச்சு. வேலை பாக்கிற மாதிரியே முகத்தை வச்சிக்கிட்டு எத்தனை ஆபீசுல எத்தனை பேரு சுட்டிருப்பான், கணக்கு ஏது? 2011-ல கிங்குன்னு ஒரு கம்பெனி ‘பபுள் விட்ச் சாகா’ன்னு ஃபேஸ்புக்ல கொண்டாந்துச்சு. மறு வருசம் கேண்டி கிரஷ். அந்தக் கிங்கை 2016-ல ஆக்டிவிஷன் பிளிஸார்டு 590 கோடி குடுத்து வாங்குச்சு. 2023-ல அந்த ஆக்டிவிஷனையே மைக்ரோசாஃப்ட் வளைச்சுப் போட்டுச்சு, சுமாரா 6,900 கோடிக்கு. ரூவா இல்லைலே, டாலர்.

அம்புட்டுப் பணம் புழங்குற தொழில்ல, பாவம், நீயும் உன் பங்குக்குப் போன வாரம் எண்பத்துச் சொச்ச ரூவா கட்டி அஞ்சு லைஃப் வாங்குனியாமே? என் பேத்தி சொன்னா. நம்ம ஊர்ல மொய் எழுதினா நோட்டுல பேரு ஏறும். நாளைக்கு நம்ம வீட்டு விசேசத்துக்கு அது கூடக்குறையத் திரும்பி வரும். நீ எழுதுற மொய்க்கு நோட்டு எங்கலே? உன் கல்யாணத்துக்கு அந்தக் கம்பெனிக்காரன் வேட்டி கட்டிக்கிட்டு வந்து பந்தியில உக்காரப்போறானா?

சரி, வித்தைக்கு வருவோம். கீழ ஒரே நிறத்துல ரெண்டு பந்து தொங்கிட்டா உனக்குக் கை பரபரங்குது. டப்புன்னு மூணாவதை ஒட்டி உடைச்சிட்டு மீசையைத் தடவுறே. அது சின்னப்பிள்ளை சுடுற சுடு. வரிசைக்கு வரிசை அரைப் பந்து தள்ளி வச்சிருக்கான் பாரு, அதனால ஒரு பந்தைச் சுத்தி ஆறு பந்து ஒட்டி உக்காரும். எல்லாமே ஏதோ ஒரு வழியில மேல கூரையைப் புடிச்சுக்கிட்டுத்தான் நிக்கணும். அந்தப் புடி விட்டுச்சுன்னா நிறம் சேர வேண்டியதே இல்லை. சிவப்பு, நீலம், ஊதா எல்லாம் ஒண்ணாச் சேந்து பொலபொலன்னு கொட்டிரும். அப்ப எதை அடிக்கணும்? தாங்கிக்கிட்டு நிக்கிறதை. மேல ரெண்டே ரெண்டு மஞ்சள் நிக்கும், அதுல இருபது பந்து தொங்கும். அதை விட்டுட்டு நீ அடியில பச்சை பொறுக்கிக்கிட்டு இருக்கே.

நேரா வழி இல்லையா, பக்கத்துச் சுவத்துல அடி. போன கோணத்துலேயே திரும்பி வரும். கேரம்ல ரீபவுண்டு போட்டுக் காயைக் குழியில தள்ளுற கை இது, போனுக்கு வந்ததும் மறந்துபோச்சா? அடுத்து வர்ற பந்து என்ன நிறம்னு பக்கத்துலேயே காட்டுறான். பெரும்பாலான கேம்ல அதைத் தொட்டு மாத்திக்கிடவும் விடுறான். அதைப் பாக்காம சுடுறவனை என்ன சொல்ல? பழைய ரகத்துல இன்னொரு சூட்சுமம் உண்டு. பலகையில ஒரு நிறம் பூராவும் ஒழிஞ்சு போச்சுன்னா, அதுக்கப்புறம் அந்த நிறப் பந்து உன் கைக்கே வராது. ஆகையினால கொஞ்சமா இருக்கிற நிறத்தை முதல்ல தீத்துக்கட்டு. வெத்தா சுட்டுக்கிட்டே இருந்தா மேல இருந்து புது வரிசை இறங்கும், அதையும் ஞாபகம் வச்சுக்க.

‘மாமா, இது என்ன பெரிய கணக்கா’ன்னு இளிக்கிறே. கணக்குத்தான். 2015-ல எரிக் டெமெய்ன், ஸ்டெஃபான் லாங்கர்மன்னு ரெண்டு கணினிப் பேராசிரியருங்க இந்த பஸில் பாபிளைப் பத்திக் கட்டுரையே எழுதியிருக்காக. எந்தெந்த நிறம் எந்த வரிசையில வரப்போகுதுன்னு முன்னாடியே பூராவும் தெரிஞ்சாலும், பலகை முழுசும் காலியாகுமா ஆகாதான்னு கண்டுபிடிக்கிறது ‘என்பி-முழுமை’ங்கிற ரகத்துக் கஷ்டமாம். அதாவது, ஒருத்தன் வழி சொன்னா சரியா தப்பான்னு சட்டுன்னு பாத்துரலாம். அந்த வழியைக் கண்டுபிடிக்கத்தான், பலகை பெருசாகப் பெருசாக, எல்லாத்துக்கும் பொருந்துற சுருக்கு வழி இதுவரைக்கும் எவனும் கண்டதில்லை. பேத்தி படிச்சுச் சொன்னா. அதனால நீ தோக்குறதுல எனக்கு வருத்தமே இல்லை. பேராசிரியரே கை விரிச்ச இடத்துல என் தங்கச்சி மவன் தோத்தா அது குடும்பத்துக்குப் பெருமைதான். ஆனா காசு கட்டித் தோக்குறே பாரு, அதைத்தான் தாங்க முடியலை.

அந்தக் கம்பெனிக்காரன் எங்க மடக்குறான்னு பாத்தியா? நல்லாத் தோத்தா நீ போனை வீசிட்டுப் போயிருவே. ஒரே ஒரு பந்துல தோத்துட்டா? இன்னும் அஞ்சு பந்து தர்றேன், இம்புட்டு ரூவான்னு மினுக்குவான். இல்லைன்னா அரை நிமிசம் விளம்பரம் பாருங்கிறான். அந்த விளம்பரத்துல ஒருத்தன் வேணும்னே கோணல்மாணலா விளையாடுவான், ஒண்ணாங்கிளாஸ் பிள்ளைக்கே எரிச்சல் வரும். ‘நானா இருந்தா...’ன்னு நீ அந்தக் கேமையும் இறக்கிக்கிடுவே. மூடுற பெருக்கல்குறியை ஊசிமுனை அளவுக்கு வச்சிருப்பான். உன் விரல் இருக்கிற தடிமனுக்கு அது எங்க அகப்படும்?

அமெரிக்காவுல ஸ்கின்னர்னு ஒரு வாத்தியாரு கூண்டுல புறாவை விட்டுப் பாத்தாராம். கொத்துற ஒவ்வொரு தடவையும் தானியம் விழுந்து பழகுன புறா, தானியம் நின்னதும் சீக்கிரமே கொத்துறதை விட்டுருச்சு. எப்ப விழும்னே தெரியாம விட்டு விட்டுப் போட்டுப் பழக்குன புறா, நிறுத்தின பெறகும் ரொம்ப நேரம் கொத்திக்கிட்டே கெடந்துச்சாம். இதை எதுக்குச் சொன்னேன்னு கேக்காத. உன் பெருவிரலைப் பாத்தேன், புறா ஞாபகம் வந்துருச்சு.

ஒரு விசயத்துல மட்டும் வேடிக்கை வேண்டாம். இதே பபுளைப் பந்தயம் கட்டி, காசு வச்சுச் சுடுற ஆப்பெல்லாம் இருந்துச்சு. 2025 ஆகஸ்டுல பாராளுமன்றத்துல சட்டம் போட்டு, காசு வச்சு ஆடுற ஆன்லைன் விளையாட்டையே தடுத்தாச்சு. எவனாவது டெலிகிராம்ல லிங்க் அனுப்பி ‘ப்ரோ, இது வேற மாதிரி’ம்பான். வேற மாதிரி எல்லாம் ஒண்ணும் இல்லை. தொடாத.

மத்தபடி நீ கஞ்சனா விளையாடணும், அம்புட்டுத்தான். லைஃப் தீந்துபோச்சா, பேசாம போனைக் கவுத்து வையி. பல கேம்ல அரை மணி நேரத்துக்கு ஒண்ணு அவனே சும்மா தர்றான்ல. அந்த அரை மணியில சோத்தைத் தின்னலாம், மாட்டுக்குத் தண்ணி காட்டலாம், கரண்டு பில்லு கட்டலாம். அவன் உன்னை மடக்க வச்ச காத்திருப்புல நம்ம வீட்டு வேலை நடந்துரும். அவனுக்கு அது தெரிஞ்சா வயிறு எரியும். கடிகாரத்தை முன்னால தள்ளி வச்சா சில கேம்ல லைஃப் வந்துருது மாமான்னு நீ சொல்ல வர்றே. தெரியும்லே. அப்புறம் அலாரம் தப்பா அடிச்சு, காலையில பஸ்ஸை விட்டுட்டு என்கிட்டதான் பைக்குக்கு வருவே. நெட்டு இல்லாம ஓடுற கேமா இருந்தா ஏரோபிளேன் மோடுல போட்டுக்க. முக்காவாசி விளம்பரம் எட்டிப் பாக்காது. ரொம்ப முக்கியம், கேம் வாங்குற இடத்துல பாங்கு கார்டையும் யுபிஐயையும் சேத்து வைக்காத. இருக்கிற கார்டை இப்பவே தூக்கிரு, நான் பாக்கப் பாக்க.

தூக்கியாச்சா? நல்லது, போய்ச் சாப்பிடு. போனை இங்கனயே வச்சிட்டுப் போ. நீ ரெண்டு நாளா முட்டிக்கிட்டு நிக்கிற அந்த லெவலை, நீ கை கழுவிட்டு வாறதுக்குள்ள நான் முடிச்சு வைக்கிறேன்.