அட்டையில் ஓடும் வாட்

கேள்வி: வீட்டில் பாட்டு கேட்க 15,000 ரூபாய் வைத்திருக்கிறேன். 10,000 வாட் என்று போட்ட செட் ஒன்று கண்ணில் பட்டது. வாங்கலாமா?
– வாசகர், கலவை

பதில்: உங்கள் கூடத்திலுள்ள 6 ஆம்பியர் பிளக் பாயிண்ட் 230 வோல்ட்டில் தரக்கூடியதே 1,380 வாட்தான். மீதி வாட் அட்டைப்பெட்டியில் மட்டுமே ஓடும்! கண்ணிமைக்கும் நேர உச்சத்தைக் கணக்கிட்டு அச்சிடும் எண் அது, பாட்டுக்கு உதவாது. பணத்தில் ஐந்தில் நான்கு பங்கை ஸ்பீக்கருக்கே கொடுங்கள். இன்றைய சின்ன கிளாஸ்-டி ஆம்ப்ளிஃபையரே வீட்டு அளவுச் சத்தத்தில் ஒலியை மிகக் குறைவாகத்தான் சிதைக்கிறது. கூம்பை முன்னும் பின்னும் அசைத்துக் காற்றைத் தள்ளும் ஸ்பீக்கர், குறிப்பாக அடிநாதத்தில், அதைவிடப் பல மடங்கு சிதைக்கும். காதில் விழும் வித்தியாசம் அங்கேதான்.

'பெரிய கூடமாயிற்றே, வாட் போதுமா?' என்பீர்கள். 86 டெசிபல் திறனுள்ள ஸ்பீக்கர் 1 வாட்டிலேயே 1 மீட்டரில் 86 டெசிபல் தரும். பேச்சுக்குரலை மூழ்கடிக்க அதுவே போதும். வாட்டை இரட்டித்தாலும் கூடுவது 3 டெசிபல்தான். 89 டெசிபல் ஸ்பீக்கர் வாங்கினால் அந்தக் கூடுதல் தானாகவே கிடைக்கும். 'பாஸ் வேண்டுமே' என்றால் ஸ்பீக்கரைச் சுவரோரம் நகர்த்துங்கள், கூடும். மூலையில் மட்டும் திணிக்காதீர்கள். மிருதங்கத்தின் தொப்பி வெறும் முழக்கமாகிவிடும். வெற்று சிமெண்ட் சுவரின் எதிரொலிக்குத் திரைச்சீலையும் தரையில் ஜமுக்காளமும் போதும்.

ஸ்பீக்கருக்கு 12,000, ஆம்ப்ளிஃபையருக்கு 3,000. வேலூரில் வாங்கினாலும் சென்னை ரிச்சி தெருவில் வாங்கினாலும், உங்களுக்கு மனப்பாடமான பாட்டைப் போடச் சொல்லிக் கேட்டுவிட்டுப் பணம் கொடுங்கள்.