கூட்டேரிப்பட்டு வந்துட்டேன்!

பைப்பும் மோட்டாரும் விற்கும் கடை எங்களுடையது. தலைமையகம் விழுப்புரம், கிளை திண்டிவனம். நடுவில் நாற்பது கிலோமீட்டர். விக்கிரவாண்டி டோல்கேட் மனசு வைத்தால் பஸ்ஸில் ஒரு மணி நேரம். கணக்கெழுதும் டேலி சாஃப்ட்வேர் இருப்பது விழுப்புரம் கம்ப்யூட்டரில். ஆகவே திண்டிவனத்தில் ஒரு முழங்கை விற்றாலும் நெட் வேண்டும்.

நெட் ஒரேயடியாகச் செத்துப் போனால் கவலையில்லை. கம்ப்ளெயின்ட் கொடுத்துவிட்டுப் பழைய பில் புக்கைத் தூசி தட்டலாம். எங்கள் நெட் சாகவில்லை, இழுத்துக்கொண்டு கிடந்தது. கிளையிலிருந்து போன் வரும்.

"அண்ணா, போயிடுச்சு."

"முழுசா போயிடுச்சா?"

"இல்லணா, வந்து வந்து போவுது."

பக்கத்தில் மோட்டார் பார்த்துக்கொண்டிருந்த பெரியவர் பேச்சை நிறுத்திவிட்டு, "யாருக்குங்க உடம்பு சரியில்ல?" என்று கேட்டார்.

ஒரு லட்சத்துக்கு மேல் சரக்கு என்றால் தமிழ்நாட்டுக்குள்ளேயே ஓடினாலும் இ-வே பில் வேண்டும். பைப்பை ஏற்றிக் கயிறும் கட்டியபிறகு நெட் போகும். டிரைவர் இறங்கிப் போய்ச் சாப்பிடுவார். அவர் இலை போட்டு உட்கார்ந்ததும் நெட் வரும். அவர் வந்து வண்டியை ஸ்டார்ட் பண்ணுவதற்குள் பில் நம்பர் கேட்கும் இடத்தில் வட்டம் சுற்ற ஆரம்பித்துவிடும். ஜிஎஸ்டி கட்டும் 20ஆம் தேதி வந்தால் எனக்கே வட்டம் சுற்றும்.

காரணம் சொல்ல ஆளா இல்லை? கரும்பு டிராக்டர் கேபிளை இழுத்துவிட்டது என்றார் ஒருவர். அணில் என்றார் இன்னொருவர். திண்டிவனம் என்றாலே புளியங்காடு. அங்கே கோயில் கொண்டிருக்கும் சாமியின் பெயரே திந்திரிணீஸ்வரர். எனவே கடைக்கு எதிரே நின்ற புளிய மரமும் மாட்டிக்கொண்டது. கேபிள் உரசுகிறது என்று ஒரு கட்சி, புளிய மரத்தில் வேறு என்ன இருக்கும் என்று உங்களுக்கே தெரியும் என்று மறு கட்சி. நெட் கம்பெனிப் பையன் மட்டும் பழியைப் புயல்மேல் போட்டான். "ஃபெஞ்சல்ல இருந்தே இப்படித்தான் சார்." 2024 நவம்பர் 30 ராத்திரி கரை கடந்த புயல் அது. மயிலத்தில் ஒரே நாளில் ஐம்பது சென்டிமீட்டர் அளவுக்குக் கொட்டியது, உண்மைதான். ஆனால் நாங்கள் இந்த நெட்டே வாங்கியது அதற்கப்புறம்.

அவன் வந்தால் பெட்டியைப் பார்ப்பான். லைன் போனால் அதில் 'லாஸ்' என்று ஒரு விளக்கு சிவப்பாக எரியும். வியாபாரம் செய்கிற இடத்தில் இப்படி ஒரு பெயரில் விளக்கு வைத்தவனை நான் மன்னிக்கவே இல்லை. அது எரியவில்லை. "எங்க சைடு க்ளியர் சார்" என்று போய்விடுவான்.

சரி, நானே பார்க்கிறேன் என்று பஸ் ஏறினேன். வழக்கம்போல், திண்டிவனத்துக்கு முன்னால் வரும் கூட்டேரிப்பட்டில் போன் போட்டேன்: "வந்துட்டேன், டீ சொல்லு." போய்ப் பார்த்தால் இன்ஸ்பெக்‌ஷன் அன்றைய பள்ளிக்கூடம்போல நெட் ஒழுங்காக உட்கார்ந்திருந்தது. மூன்று மணி நேரம் காவல் இருந்தேன், ஒரு விக்கல்கூட இல்லை. திரும்பி விக்கிரவாண்டி வருவதற்குள் போன். "அண்ணா, போயிடுச்சு."

இப்படி ஐந்து முறை. "எல்லாம் உங்க ராசிணா" என்றான் கிளையைப் பார்த்துக்கொள்ளும் தம்பி. எனக்குக்கூடக் கொஞ்சம் பெருமையாகத்தான் இருந்தது. "அப்படின்னா அங்கயே போய் உக்காந்துக்குங்களேன்" என்றாள் மனைவி. அவள் குரலில் நம்பிக்கை தெரிந்தது.

அந்தச் சமயத்தில்தான் வேல்ஸ் நாட்டு அபெர்ஹோசான் கிராமத்துச் செய்தி கண்ணில் பட்டது. ஒன்றரை வருஷமாகத் தினமும் காலை ஏழு மணிக்கு ஊருக்கே நெட் படுத்துக்கொண்டதாம். கேபிளை மாற்றியும் தீரவில்லை. கடைசியில் 2020இல் கண்டுபிடித்தார்கள்: ஒரு வீட்டில் ஏழு மணிக்குப் போடும் பழைய டிவியிலிருந்து கிளம்பிய மின் இரைச்சல்தான் எல்லாவற்றையும் கெடுத்திருக்கிறது. அன்றே நான் ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்கி, எப்போது போனது, எப்போது வந்தது என்று குறிக்க ஆரம்பித்தேன்.

கூடவே பிங். 1983இல் மைக் மூஸ் என்ற அமெரிக்கர் எழுதிய சின்ன புரோகிராம், 'இருக்கியா?' என்று கூப்பிட்டால் 'இருக்கேன்' என்று பதில் வரவேண்டும், அவ்வளவுதான். நெட் போனபோது தம்பியை விட்டு எங்கள் ரூட்டரையே கூப்பிடச் சொன்னேன். பதில் இல்லை. ரூட்டர் இருப்பது அவன் தலைக்கு மேல் அலமாரியில்! அப்படியென்றால் புளிய மரம் நிரபராதி. திருடன் வீட்டுக்குள்தான்.

போன மாதம் சென்னையிலிருந்து வந்துகொண்டிருந்தேன். விழுப்புரம் டிக்கெட்தான். டோல்கேட்டில் வண்டிகள் நகரவில்லை என்று கண்டக்டர் சொன்னதும் திண்டிவனம் மேம்பாலத்திலேயே இறங்கிவிட்டேன். அந்தத் திசையிலிருந்து வந்தால் வழியில் கூட்டேரிப்பட்டு கிடையாது, பாருங்கள்.

உள்ளே போனேன். தம்பியின் போனில் கிரிக்கெட். மேஜைக்கடியில், சாக்குக்குப் பின்னால், முயல்போல இரண்டு காதை நீட்டிக்கொண்டு ஒரு வெள்ளைப் பெட்டி. வீட்டில் சும்மா கிடந்த வைஃபை ரூட்டராம்.

நெட்வொர்க்கில் ஒவ்வொரு கம்ப்யூட்டரும் எழுந்ததும் 'எனக்கு என்ன கதவு எண்?' என்று கேட்கும். கொடுப்பது ரூட்டரின் வேலை. அதற்கு டிஹெச்சிபி என்று பெயர். இங்கே கொடுக்க இரண்டு பேர். எவர் முந்துகிறாரோ அவர் கொடுத்ததுதான் எண். எங்கள் ரூட்டர் கொடுத்தால் 192.168.1 என்ற தெரு, வழி நேராக வெளியே போகும். முயல் கொடுத்தால் 192.168.0, அது முட்டுச்சந்து. என் போன் வந்ததும் முயல் டிராயருக்குள் போகும், எல்லாக் கம்ப்யூட்டரையும் அணைத்துப் போடுவார்கள், டீ சொல்வார்கள். என் ராசி வேலை செய்த விதம் இதுதான்.

"ஏன்டா இப்படி?" என்றேன்.

"நீங்கதானணா வைஃபை பாஸ்வேர்டை யாருக்கும் தரக்கூடாதுன்னு சொன்னீங்க."

சொன்னேன்தான். அந்தத் தாள் இன்னும் சுவரில் ஒட்டியிருக்கிறது, என் கையெழுத்தோடு. முயலின் டிஹெச்சிபியை அணைத்து, எல்லாரும் பார்க்கும்படி மேஜைமேல் ஏற்றி வைத்தேன். பாஸ்வேர்டையும் கொடுத்தேன்.

மறுவாரம் நெட் கம்பெனிப் பையன் கூப்பிட்டான். "இப்ப விட்டு விட்டு வரலியே சார்? போன வாரம் ஒரு ஜாயின்ட் மாத்துனோம், அதான்." நன்றி சொன்னேன்.

இப்போது கூட்டேரிப்பட்டில் போன் போடுவதை விட்டுவிட்டேன். நெட் பிரமாதம். நான் போய் உட்கார்ந்து அரை மணி ஆனாலும் டீதான் வருவதில்லை.