எதிர்வெளிச்சம் என்னும் இருள்: நாரந்தனை வீதியின் முகப்பு விளக்குகள் பற்றிய ஓர் ஆராய்ச்சி

ஊர்தியின் முகப்பில் உற்பத்தியாளர் பொருத்தி அனுப்பிய மின்குமிழைக் கழற்றிவிட்டு, அதனினும் பிரகாசமானது என்று கடைக்காரர் உறுதி கூறும் வேறொன்றைப் பொருத்துகின்ற செயல், யாழ்ப்பாணத் தீவகப் பேச்சு வழக்கில் 'லைற் மாத்திறது' எனப்படும். இங்கே 'மாற்றுதல்' என்னும் வினை, பழுதான ஒன்றை நீக்கி நல்லதை இடுதல் என்ற பொருளில் வருவதன்று. கழற்றப்படும் குமிழ் பெரும்பாலும் நன்றாகவே எரிந்துகொண்டிருக்கும். கட்சி மாறுதல், சமயம் மாறுதல் என்ற தொடர்களில் உள்ள பொருளே இங்கும் கொள்ளத்தக்கது. மாறியவர் தம் பழைய நிலையை இருள் என்றும் புதிய நிலையை ஒளி என்றும் பிறரிடம் எடுத்துரைப்பதும் மூன்றுக்கும் பொதுவான இயல்பாகும்.

இவ்வாய்வுக்கு நாரந்தனை ஏற்ற களம் என்பதற்குக் காரணங்கள் உள. ஊர்காவற்றுறையிலிருந்து யாழ்ப்பாணம் செல்லும் வீதி இவ்வூரைக் கடந்து, சரவணை, வேலணை, அல்லைப்பிட்டி, மண்டைதீவுச் சந்தி வழியாகப் பண்ணைத் தாம்போதியில் ஏறுகிறது. இவ்வழியில் இரவு நேரத்தில் ஒளியைத் திருப்பியனுப்பக்கூடிய பொருள்கள் மிகக் குறைவு. பனைமரம் கறுப்பு, தார் கறுப்பு, உரிமையாளர்கள் கனடாவுக்கும் சுவிற்சர்லாந்துக்கும் சென்றுவிட்ட வீடுகளின் யன்னல்களும் கறுப்பு. தாம்போதியிலோ இருபுறமும் கடல். அதன்மேல் சாய்வாக விழும் ஒளி முன்னோக்கியே தெறித்துப் போய்விடுவதால், ஓட்டுநர் தாம் பாய்ச்சிய வெளிச்சத்தில் பெரும்பகுதியைத் திரும்பக் காண்பதேயில்லை. செலவிட்ட ஒளிக்கு வரவு இல்லாத இந்நிலையே 'லைற் காணாது' என்னும் முறைப்பாட்டின் தோற்றுவாயாகும். வெளிச்சம் போதாமை என்பது அங்கு விளக்கின் குறையாக அன்றி, நிலப்பரப்பின் குணமாக இருக்கலாம் என்ற ஐயம் கராஜ் வாசலில் எவருக்கும் எழுவதில்லை.

மின்குமிழின் அமைப்பைச் சிறிது விளக்குதல் இன்றியமையாதது. இலங்கையில் ஓடும் பழைய கார்களிலும் ஓட்டோக்களிலும் பரவலாகக் காணப்படும் எச்-4 வகைக் குமிழ் 1971 இல் அறிமுகமானது. அதன் கண்ணாடிக்குள் இரண்டு இழைகள் உண்டு: தூர வெளிச்சத்துக்கு 60 வாற், தாழ்ந்த வெளிச்சத்துக்கு 55 வாற். தாழ்ந்த வெளிச்சத்துக்குரிய இழையின் அடியில் சிறு தகட்டுக் கிண்ணம் ஒன்று இருக்கிறது. மேல்நோக்கிப் போய் எதிரே வருபவரின் கண்ணில் விழக்கூடிய ஒளியை அது தடுத்து நிறுத்துகிறது. அக்கிண்ணத்தின் ஓரம் ஒரு பக்கத்தில் 15 பாகை சரிந்திருப்பதால், இடப்புறமாக வாகனம் ஓட்டும் நாடுகளுக்கென அமைந்த விளக்கில் ஒளியின் மேல்விளிம்பு இடது ஓரத்தில் மட்டும் சற்று உயர்ந்து, நடந்து செல்வோரையும் வேலியோரத்தையும் காட்டும். வலப்புறத்தே, எதிரே வருபவர் இருக்கும் திசையில், அடங்கிக் கிடக்கும். வீதியில் ஒழுக்கம் என்று ஒன்று இருக்குமாயின், அது இந்த நகக்கண்ணளவு தகட்டில்தான் குடியிருக்கிறது எனலாம்.

கடையில் விற்கப்படும் எல்.ஈ.டி. குமிழில் இழை இல்லை. தட்டையான தண்டின் இருபுறமும் ஒளிரும் சில்லுகள் ஒட்டப்பட்டிருக்கும். விளக்கின் உட்புறத்திலுள்ள வளைந்த தெறிப்பி, குறித்த இடத்தில் நிற்கும் ஒரு மெல்லிய இழையை எதிர்பார்த்து வார்க்கப்பட்டது. குவியத்திலிருந்து ஒரு மில்லிமீற்றர் விலகினாலும் அதற்குத் தன் வேலை மறந்துவிடும். இழை இருக்க வேண்டிய இடத்தில் சில்லு இல்லாதபோது ஒளி குறைவதில்லை, ஒழுங்குதான் குறைகிறது. வீதிக்குரிய வெளிச்சத்தில் ஒரு பங்கு பனை வட்டுக்கும், ஒரு பங்கு அடுத்த வளவின் மாமரத்துக்கும், எஞ்சிய பெரும்பங்கு எதிரே வருபவரின் கண்ணுக்கும் பகிர்ந்தளிக்கப்படுகிறது. தம் வாகனத்தின் முன் பரந்து நிற்கும் இந்த வெண்பரப்பைக் கண்ட உரிமையாளர், வெளிச்சம் பெருகிவிட்டது என்று மகிழ்வார். பெருகியது உண்மையே. மாமரத்திலிருந்த வௌவால்களும் அதற்குச் சான்று.

அளவுகள் குறித்தும் சில சொல்ல வேண்டும். ஒரு விளக்கு வெளியிடும் மொத்த ஒளியின் அலகு லூமன். எச்-4 குமிழ் தாழ்ந்த வெளிச்சத்தில் ஏறத்தாழ 1000 லூமனும், தூர வெளிச்சத்தில் ஏறத்தாழ 1650 லூமனும் தரும். செனன் வாயுக் குமிழ் 35 வாற் மின்வலுவில் 3200 லூமன் வரை தரும். அதனாற்றான் அதனை ஆலையிலேயே பொருத்தும் ஐரோப்பிய வாகனங்களில் தானாகச் சாய்வைச் சரிசெய்யும் பொறியும், கண்ணாடியைக் கழுவும் நீர்த்தாரையும் கட்டாயமாக்கப்பட்டன. கடைப் பெட்டிகளிலோ 20,000 லூமன் என்ற எண் அச்சிடப்பட்டிருப்பது அரிதன்று. இன்றைய எல்.ஈ.டி. ஒரு வாற்றுக்கு 100 முதல் 150 லூமன் வரை தருவதாகக் கொண்டால், அந்த எண்ணை எட்டுவதற்கு ஒரு குமிழுக்கு 130 வாற்றுக்கு மேல் வேண்டும். அதே பெட்டியின் மறுபக்கத்தில் 30 வாற் என்று எழுதியிருக்கும். இவ்விரு பக்கங்களையும் ஒருசேர வாசிப்பவர் குமிழ் வாங்குவதில்லை. வாங்குபவர் ஒருசேர வாசிப்பதில்லை. இக்குமிழின் பின்புறத்தே சூடு தணிக்கச் சிறு விசிறி ஒன்று சுழலும் என்பதும் குறிப்பிடத்தக்கது. குளிரூட்டி பழுதாகி நெடுநாளான வாகனங்களில் பயணிகளுக்கு இல்லாத காற்று மின்குமிழுக்குக் கிடைக்கிறது.

நிறத்தைக் குறிக்கும் அலகு கெல்வின். எச்-4 போன்ற அலசன் குமிழின் மஞ்சள் சார்ந்த ஒளி ஏறத்தாழ 3200 கெல்வின். நடுப்பகல் வெயில் 5500ஐ அண்டியது. எண் கூடக்கூட ஒளி நீலம் பாயும். எண் கூடினால் பொருள் உயர்ந்தது என்ற பொதுவிதியின்படி 6000, 8000 என்று கேட்டு வாங்குவது வழக்கம். உண்மையில் நீலம் மிகுந்த ஒளியே எதிரே வருபவரின் கண்ணை மிகுதியாகக் கூசச் செய்வதும், மழைக்கால இரவில் ஈசல்களை மிகுதியாக அழைப்பதும். பின்னதைக் கார்த்திகை மாதத்தில் முன்கண்ணாடியில் காணலாம்.

புலம்பெயர்ந்த உறவினரால் நேரும் சிக்கல் தனி ஆய்வுக்குரியது. எனினும் சுருக்கமாகவேனும் தொட வேண்டியுள்ளது. கோயில் திருவிழாவுக்கு வரும் உறவினர், ஊரிலுள்ள மருமகனின் வாகனத்துக்கென முழு விளக்குக் கூட்டையே பயணப்பெட்டியில் கொண்டுவந்தால், எந்த நாட்டிலிருந்து வந்தார் என்பது ஒளியியல் முக்கியத்துவம் பெறுகிறது. வலப்புறமாக வாகனம் ஓட்டும் சூரிச்சிலிருந்தும் பரிசிலிருந்தும் வரும் விளக்குகளில் ஒளிவிளிம்பு வலது ஓரத்தில் உயரும். இலங்கையில் அது எதிரே வருபவரின் கண்மட்டம். ஆதலின் சித்தப்பா இலண்டனிலோ மெல்பேணிலோ இருத்தல் நன்று.

இனி இவ்வாய்வின் மையக் கருத்துக்கு வரலாம். சைவ சித்தாந்தத்தில் ஆணவ மலத்துக்கு இருள்மலம் என்றும் பெயர். பதினான்காம் நூற்றாண்டினரான உமாபதி சிவாசாரியார் திருவருட்பயனில் அதற்கு ஓர் அதிகாரமே ஒதுக்கி, புற இருளையும் ஆணவத்தையும் வேறுபடுத்துகிறார்: புற இருள் பிற பொருளைக் காட்டாது, ஆயினும் தன்னைக் காட்டி நிற்கும், ஆணவமோ பிற பொருளையும் காட்டாது, தன்னையும் காட்டாது. இவ்வரைவிலக்கணத்தை நாரந்தனை வீதிக்குப் பொருத்திப் பார்த்தால், இதுவரை ஒளியியலார் கவனியாத ஒரு முடிவு கிடைக்கிறது. எதிரே வரும் மாற்றப்பட்ட விளக்கு, வீதியையும், வீதியோரத்தையும், சைக்கிளில் வரும் பெரியவரையும் மறைத்துவிட்டுத் தன்னை மட்டும் காட்டுகிறது. ஆகவே இலக்கணப்படி அது இருளின் ஒரு வகையேயாம். விளக்குக்கு உரியவரிடத்தே நிகழ்வதோ இரண்டாம் வகை: தம் வெளிச்சம் பிறர் கண்ணை மறைப்பதும் அவருக்குத் தெரிவதில்லை, அது தெரியாதிருப்பதும் தெரிவதில்லை. 8000 ரூபாய்க்கு வாங்கிய பொருளால் இருவேறு இருள்கள் ஒரே கணத்தில் உண்டாவது பிற துறைகளில் காணக்கிடையாத சிக்கனமாகும்.

இவ்விரு இருள்களும் தாம்போதியில் சந்திக்கும் முறை பின்வருமாறு. எதிரே வருபவர் கண் கூசியதும் தம் விளக்கை இருமுறை வெட்டிக் காட்டுவார். இதற்கு 'டிம் அடித்தல்' என்று பெயர். 'தாழ்த்தும்' என்பது பொருள். முதலாமவரோ ஏற்கெனவே தாழ்ந்த வெளிச்சத்தில்தான் வருகிறார். தம் குற்றமின்மையை நிறுவ அவருக்கு ஒரே வழிதான் உண்டு: தூர வெளிச்சத்தை ஒரு கணம் போட்டு, 'இதுவே எனது தூர வெளிச்சம், ஆகவே முன்னையது தாழ்ந்தது' என்று காட்டுதல். நிரூபணம் தருக்க முறைப்படி சரியானது. எதிர்த் தரப்பும் தன் மறுப்பை அதே மொழியில் அனுப்பும். கூசிய கண் தெளிவதற்குச் சில விநாடிகள் வேண்டும். மணிக்கு 50 கிலோமீற்றர் வேகத்தில் ஒரு வாகனம் விநாடிக்கு 14 மீற்றர் செல்கிறது. மூன்று விநாடி என்று கொண்டாலும் 42 மீற்றர் தூரத்தை இருவரும் நினைவிலிருந்தே ஓட்டுகின்றனர். கடந்து போகும்போது இருவரும் உரத்துச் சொல்லும் சொற்கள் தனித்தமிழாக இருப்பினும் அச்சேற்றத்தக்கன அல்ல. மறுநாள் இருவரும் கராஜுக்குச் செல்வர். விளக்கு மாற்றுவதற்குக் காரணம் இருளன்று, எதிரே வந்த விளக்கே என்பது இதனால் பெறப்படும்.

மூடுபனி விளக்கு, அதாவது கடைவழக்கில் 'ஃபொக் லைற்', பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. அது தாழப் பொருத்தப்பட்டு, அகன்றும் தட்டையாகவும் ஒளிவீசி, பனித்துளிகளில் பட்ட ஒளி ஓட்டுநரின் கண்ணுக்கே திரும்பாமல் காப்பது. மஞ்சள் ஒளி பனியைத் துளைக்கும் என்ற நம்பிக்கை பரவலானது. பனித்துளி ஒளியின் அலைநீளத்தைவிடப் பல மடங்கு பெரிதாகையால் எல்லா நிறத்தையும் ஏறத்தாழ ஒரே விதமாகவே அது சிதறடிக்கும். பிரான்சு 1936 இல் மஞ்சள் முகப்பு விளக்கைச் சட்டமாக்கி, 1993 இல்தான் கைவிட்டது என்பதால், இந்நம்பிக்கைக்கு நாரந்தனையில் மட்டும் நகைக்க வேண்டியதில்லை. 1868 மீற்றர் உயரத்திலுள்ள நுவரெலியாவில் இவ்விளக்குக்கு ஆண்டு முழுதும் வேலை உண்டு. கடல்மட்டத்துக்கு மேல் சில மீற்றரே உயர்ந்த தீவில், தை, மாசி மாதங்களின் சில விடியற்காலைகள் தவிர்ந்த நாள்களில், அது எதற்கு எரிகிறது என்றால், அதற்கென ஓர் ஆளி இருப்பதால் எரிகிறது.

இவற்றை வெறும் பகட்டு என்று ஒதுக்குதலும் பொருந்தாது. 1990 க்குப் பின் யாழ்ப்பாணத்தில் மின்சாரம் அற்றுப்போன ஆண்டுகளில் பிள்ளைகள் ஜாம் போத்தல் விளக்கில் படித்தனர். 6 வோல்ற், 3 வாற் சைக்கிள் டைனமோ, விளக்கை விட்டு வானொலிக்குப் போயிற்று. பழைய ஏ-40 கார்கள் மண்ணெண்ணெயில் ஓடின. வெளிச்சத்தைத் துளியாக எண்ணிச் செலவிட்ட ஒரு தலைமுறை, கைக்குக் கிடைத்தபோது வாளியாக ஊற்றுவதில் வியப்பில்லை. 2022 மார்ச் இறுதியில் மின்வெட்டு நாளொன்றுக்கு 13 மணித்தியாலம் வரை நீண்டபோது, ஊரில் எரிந்த பெரிய விளக்கு வாகனத்தினுடையதே. மேலும், 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி, தனியார் கார்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் மீண்டும் திறந்தது. இடைப்பட்ட காலத்தில் வாகனத்தை மாற்ற முடியாதவர்கள் குமிழை மாற்றினர். அதே 2025 சனவரியில், 'கிளீன் ஸ்ரீலங்கா' வேலைத்திட்டத்தின்கீழ் பேருந்துகளிலும் ஓட்டோக்களிலும் இருந்த மேலதிக விளக்குகளைப் பொலிஸார் கழற்றுவிக்கத் தொடங்க, உரிமையாளர் சங்கங்கள் எதிர்ப்புத் தெரிவித்தன. சட்டம் புதியதன்று, 1951 ஆம் ஆண்டின் 14 ஆம் இலக்க மோட்டார் போக்குவரத்துச் சட்டம் வாகன அலசன் குமிழுக்கே பதினொரு வயது மூத்தது.

வெளிச்சம் உண்மையிலேயே குறைந்த வாகனங்களும் உண்டு. ஆனால் குற்றம் குமிழினுடையதன்று. தீவகத்தின் உப்புக்காற்று வயர் முனைகளையும் எர்த் இணைப்பையும் அரிக்க, மின்னழுத்தம் வழியிலேயே கசிந்துவிடுகிறது. இழைக் குமிழுக்கு வரும் அழுத்தம் பத்தில் ஒரு பங்கு குறைந்தால் ஒளி ஏறத்தாழ பத்தில் மூன்று பங்கு குறையும். அரித்த முனையைச் சுரண்டித் துடைத்து, பற்றரியிலிருந்து ரிலே வழியாகத் தடித்த வயர் ஒன்றை நேரே கொண்டுவந்து, வெயிலில் மஞ்சள் பூத்த பிளாஸ்ரிக் மூடியை நீர்த்தாளால் தேய்த்து மெருகிட்டால், ஆலைக் குமிழே இழந்த ஒளியைத் திரும்பப் பெறும். இவ்வழி மலிவானது, பெட்டியில் வராதது, அயலவருக்குத் தெரியாதது. கடைசிக் காரணத்தாலேயே இது பரவவில்லை.

எஞ்சியிருப்பது பசு. சித்தாந்தத்தில் இச்சொல் உயிரைக் குறிக்கும். இங்கு மாட்டையே குறிக்கிறது. பகல் வெயிலின் சூட்டை இரவிலும் தார் வைத்திருப்பதால், கட்டாக்காலி மாடுகள் வீதியின் நடுவிலேயே படுத்து அசைபோடுகின்றன. மாட்டின் விழித்திரைக்குப் பின்னால் ஒளியை வந்த வழியே திருப்பும் படலம் ஒன்று உண்டு. 55 வாற் குமிழின் மங்கிய மஞ்சளிலும் அவ்விரு கண்களும் தொலைவிலிருந்தே பச்சையாக மினுங்கி, ஓட்டுநருக்கு வேண்டிய செய்தியைச் சொல்லிவிடும். வெண்ணொளி எல்லை மீறி முகத்தில் அடிக்கும்போது மாடு தலையைத் திருப்பிக்கொள்கிறது. அப்போது தாரின் நிறத்தில் முதுகு மட்டும் கிடக்கும்.