விழிப்புணர்வு வாழ்க!

ஏப்ரல் 2 வந்தால் போதும், நம் ஊருக்கு ஆட்டிசம் பற்றிய ஞானம் பொங்கிவிடுகிறது. 2008 முதல் உலகமே கடைப்பிடிக்கும் நாள். நாம் மட்டும் சும்மா இருப்போமா? பெரிய சத்தம் பலருக்கு ஒத்துக்கொள்ளாது என்பதால், செண்டை மேளத்தோடு நிறுத்திக்கொள்கிறோம், வெடி கிடையாது. கண் கூசக் கூடாதே என்று போடுகிற விளக்கெல்லாம் நீல நிறம்.

மேடையில் டாக்டர், வட்டாரப் பிரமுகர், ஜவுளிக்கடை அதிபர். எல்லோரும் ஆட்டிசம் உள்ளவர்களின் குரல்கள். குரல் கொடுக்க இத்தனை பேர் இருக்கையில், அவர்களை வேறு மேடையேற்றித் தொந்தரவு செய்வானேன்?

பேச்சு முழுக்க 'குழந்தைகள்'தான். முன்வரிசையில் தாடியோடு உட்கார்ந்திருக்கும் 32 வயதுக் குழந்தைக்கு ஒரு பலூன், ஒரு கலர் பென்சில் டப்பா. 2016ஆம் ஆண்டுச் சட்டம், ஆட்டிசம் உள்ளிட்ட பிரிவுக்கு அரசு வேலையில் 1 சதவீதம் ஒதுக்கியிருக்கிறது. ஆனால் குழந்தைகளை வேலைக்கு வைப்பது குற்றமாயிற்றே! ஆகவே, நிரப்ப நாம் அவசரப்படுவதில்லை.

வழிகாட்டிகளும் உண்டு. அரை நாள் பயிற்சி முடித்தவர்கள். "கண்ணைப் பார்த்துப் பேசு தம்பி" என்று, செல்போனிலிருந்து தலை நிமிராமலே கற்றுத்தருவார்கள்.

இந்த முறை தாடிக்காரர் ஒரு துண்டுச்சீட்டு அனுப்பினார்: 'மைக் சத்தத்தைக் குறையுங்கள்.' நெகிழ்ந்துபோன தொகுப்பாளினி அதை மைக்கிலேயே இரண்டு முறை வாசித்தார். அரங்கமே எழுந்து விசிலடித்தது. சிறந்த கோரிக்கைக்கான கேடயம் உடனே அறிவிக்கப்பட்டது. அவர் சார்பில் பெற்றுக்கொள்ள ஜவுளிக்கடை அதிபர் எழுந்தார்.